ஜெசிந்தினி தராசில் தொங்கிய வருடங்கள்

ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறி வந்தால் எங்கள் தோட்டம். இங்கே என்னைத் திட்டாத வாய் இல்லை. நான் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை. பெயர் சின்னராசா. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் திட்டுவதில்லை, கழிவுக்காரன் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். மழை பெய்தால் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று நிறையில் ஒரு கிலோ கழிவு. வெயிலடித்தால் முற்றல் இலை இருக்கிறது என்று கழிவு. சாக்குக்குத் தனியாக ஒரு கழிவு. உத்தரவெல்லாம் மேலிடத்திலிருந்து வரும், திட்டு மட்டும் என் பெயருக்கு வரும். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போய்விட்டது.

இந்தத் தோட்டத்தில் கழிவைத் தானாகக் கேட்டு வாங்கிய ஒரே ஆள் ஜெசிந்தினிதான். காலை நிறுவை முடிந்து மற்றப் பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே மலைக்குத் திரும்பியதும் அவள் மட்டும் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் பின்தங்குவாள். உத்தரத்திலிருந்து தொங்குகிற தராசின் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால்களை மடக்கித் தொங்குவாள். நான் எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐம்பத்தேழு என்றால் சிரித்துக்கொண்டு இறங்கிப் போவாள். ஒரு கிலோ கூடியிருந்தால் முகம் விழுந்துவிடும், அன்றைக்கு அவளுக்கு மத்தியானச் சோறு கிடையாது. மழையில் நனைந்து வந்த நாளில், "தண்ணிக்குக் கழிவு போடுங்க ஐயா" என்பாள்.

"மத்தவங்களுக்குப் போட்டா கழிவுக்காரன். உனக்குப் போட்டா நல்லவனா?" என்று கேட்டுவிட்டு நானும் ஒன்றைக் கழித்துச் சொல்வேன்.

ஒரு குத்துச்சண்டைக்காக அவள் அந்த எடையைக் காத்துக்கொண்டிருந்தாள். நடக்காமல் போன சண்டை அது. கொழும்பில் இரண்டு ஆண்கள் அவளை நடுவில் நிறுத்தி வழக்காடினார்கள். அது முடியும்வரை அவள் மேடை ஏறக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. அந்த இருவரும் ஒருநாளும் மூக்கில் குத்து வாங்கினவர்கள் இல்லை. இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும், கோபத்தோடேயே சொல்கிறேன்.

ஜெசிந்தினியின் அப்பா மத்தேயு எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் அவர் தொண்டையைத் திறந்தால் பங்களாவில் துரைக்குக் கேட்கும். மகள் ஓ/எல் பரீட்சை முடித்த கையோடு கட்டுநாயக்கவுக்குக் கார்மென்ட் வேலைக்குப் போனாள். போர்டிங்குக்குப் பக்கத்தில் ஒரு குத்துச்சண்டை மன்றம் இருந்தது. ஷிப்ட் முடிந்து வருகிறவள் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்தவளை ஒருநாள் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் ஆரம்பம். பெண் பிள்ளை அடிதடி பழகுகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று மத்தேயு ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. பிறகு அவள் ஜெயித்த ஒரு போட்டியை யாரோ போனில் போட்டுக் காட்டினார்கள். அதற்கப்புறம் பெரட்டுக்களத்தில் சம்பளப் பிரச்சினையைப் பேச வந்தவர்கள்கூட முதலில் அந்தப் படத்தைப் பார்த்தாக வேண்டும்.

அமெச்சூரில் நல்ல பெயர் எடுத்தாள். அப்போதுதான் ஸப்வான் வந்தார். அவர் கொழும்பில் புரமோட்டர். மண்டபம் பிடித்து, டிக்கெட் விற்று, எதிராளியைக் கொண்டுவந்து சண்டை நடத்துகிற முதலாளி. ஐந்து வருடத்துக்கு அவர் நடத்துகிற சண்டையில் மட்டும்தான் இறங்குவேன் என்று ஜெசிந்தினி கையெழுத்து வைத்தாள். தொழில்முறைக்குப் போனால் திரும்ப அமெச்சூரில் சேர்க்க மாட்டோம் என்று குத்துச்சண்டைச் சங்கத்தில் சொன்னார்கள். பரவாயில்லை என்று போனாள்.

கொஞ்ச நாளில் பண்டாரவளையிலிருந்து ஜோன்சன் என்று ஒருவர் காரில் வந்தார். அவர் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். எந்தச் சண்டை நல்லது, எது கூடாது என்று வீரர் பக்கம் நின்று பார்க்கிற ஆளாம். அவர்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸப்வானுடைய ஒப்பந்தத்தில் அவளுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை என்று விளக்கினார். அதில் பொய்யும் இல்லை. தன்னைக் கேட்காமல் எந்தச் சண்டைக்கும் இறங்கக் கூடாது என்று ஒரு தாளை நீட்டினார்.

ஜெசிந்தினி அப்பாவைப் பார்த்தாள். "ஏற்கனவே ஒன்னுல வெச்சிருக்கேனேப்பா."

மத்தேயு சிரித்தார். "அதனால என்ன? புதுசுல வெச்சா பழசு தானா விழுந்துரும். நாங்க காலங்காலமா பண்றதுதானே."

அவர் சொன்னது சங்கத்துக் கணக்கு. எங்கள் தோட்டத்தில் ஒருவர் ஒரு சங்கத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், புதுச் சங்கத்துக்குச் சம்பளத்தில் சந்தாப் பிடிக்கச் சொல்லி ஒரு கையெழுத்து வைப்பார். அதோடு பழைய சங்கம் முடிந்தது. பழைய தலைவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார், பிறகு கோவில் திருவிழாவில் பக்கத்தில் நின்று தேர் இழுப்பார். மத்தேயுவே இப்படி எத்தனையோ பேரைச் சேர்த்திருக்கிறார், எத்தனையோ பேரை இழந்திருக்கிறார். கையெழுத்து என்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான். தோட்டத்தில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஜெசிந்தினி கையெழுத்து வைத்தாள்.

கொரோனா அடங்கி மண்டபங்கள் திறந்ததும் ஸப்வான் அவளுக்கு முதல் தொழில்முறைச் சண்டையை ஏற்பாடு செய்தார். எதிராளி ஷிரோமி. மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண், இவள் வயதுதான். சண்டைக்கு முந்திய நாள் கொழும்பில் இரண்டு பேரையும் எடை பார்த்தார்கள். இருவரும் ஐம்பத்தேழு. அதற்குமேல் ஒரு கிலோ கூடினாலும் சண்டை கிடையாது. பிறகு படம் எடுப்பதற்காக மூக்கோடு மூக்கு உரச நிறுத்தி, முறைக்கச் சொன்னார்களாம். எடை குறைப்பதற்காக இரண்டு பேரும் பட்டினி. முறைத்துக்கொண்டே ஷிரோமி உதடு அசையாமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இல்ல."

"நானும் இல்ல. நாளைக்கு மெல்ல அடிக்க மாட்டேன், பாத்துக்க."

"மெல்ல அடிச்சா கோவம் வரும் எனக்கு."

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று கடித்துத் தின்றுவிடுகிற மாதிரித்தான் நிற்கின்றன.

மறுநாள் காலை தடையுத்தரவு வந்துவிட்டது. தன்னைக் கேட்காமல் சண்டை வைத்துவிட்டார் என்று ஜோன்சன் நீதிமன்றம் போயிருந்தார். என் வீராங்கனையை ஆசை காட்டி இழுத்துக்கொண்டார் என்று ஸப்வான் ஜோன்சன்மீது பதில் வழக்குப் போட்டார். இரண்டு தாளிலும் அவள் கையெழுத்து இருந்ததால் இரண்டு வழக்கிலும் அவளும் பிரதிவாதி. வழக்கு முடியும்வரை அவளை யாரும் மேடை ஏற்றக் கூடாது. கையில் சுற்றிய துணியை அவிழ்க்காமலேயே ஜெசிந்தினி ஹோட்டல் அறையில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள் என்று மத்தேயு சொன்னார். மகளைப் பற்றி அவர் மெல்லிய குரலில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

முதல் தவணைக்கு அவரே நீதிமன்றம் போனார். புதுக் கையெழுத்து வந்தால் பழசு செல்லாதுதானே என்று மகளுடைய வக்கீலிடம் கேட்டிருக்கிறார். வக்கீல் சிரித்துவிட்டு, "ஐயா, இது யூனியன் இல்ல" என்றாராம். அதை மத்தேயு என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதற்குப் பிறகு புதிதாகச் சங்கத்தில் சேர வருகிறவர்களிடம், "வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். சங்கத்துக்கு ஆள் குறைந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜெசிந்தினி ஊருக்கு வந்து, முதுகு வலியால் நின்றுவிட்ட தன் அம்மாவின் இடத்தில் கொழுந்து பறிக்க இறங்கினாள். மூடிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவில், ஒரு காலத்தில் வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போன அந்த அறையில், உரச் சாக்கில் மணல் நிரப்பித் தொங்கவிட்டாள். வேலை முடிந்து அங்கிருந்து தொம் தொம் என்று சத்தம் வரும். சில நாள் கோபமாக வரும், சில நாள் பிரார்த்தனை மாதிரி ஒரே சீராக வரும். அந்தச் சத்தம் நின்றுவிட்டால் எனக்கு ஏனோ பயமாக இருக்கும். காலையில் தராசில் வந்து தொங்கினால்தான் நிம்மதி.

தவணை மேல் தவணை போட்டார்கள். நீதிபதி மாறினார். ஒரு வக்கீல் வெளிநாடு போனார். பெட்ரோல் வரிசை வந்த வருடம் நாடே நின்றது, வழக்கும் நின்றது. தவணை நாளில் அப்பாவும் மகளும் ரயில் ஏறிப் போய், வேறொரு தேதியோடு திரும்பி வருவார்கள். ஸப்வானும் ஜோன்சனும் நீதிமன்ற வராந்தாவில் சேர்ந்து தேத்தண்ணி குடிப்பதைப் பார்த்ததாக ஒருமுறை ஜெசிந்தினி சொன்னாள். "நல்லாத்தான் பேசிக்கிறாங்க ஐயா. என்னைக் கண்டா மட்டும் பகையாயிருவாங்க."

ஒருநாள் மடுவத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தோம். கொக்கியைப் பிடித்தபடி நின்றவளிடம், "இன்னும் எதுக்குப் புள்ள இந்த ஐம்பத்தேழு? நல்லா சாப்பிட்டுட்டு ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். "எனக்கு ஜெயிக்கணும்னு கூட இல்லைங்க ஐயா. மணி அடிக்கணும், அவ எதிர்ல நிக்கணும். அவ்வளவுதான். அவ எப்படி அடிப்பா, எடது கை முதல்ல வருமா வலது கையானு நான் இத்தனை வருசமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன். புருசனை நினைக்கிறவகூட இப்படி நினைக்க மாட்டா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர்கள் பணத்துக்கும் காணிக்கும் ஏங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு குத்துக்காக ஏங்குவதை அவளிடம்தான் பார்த்தேன். அது மற்ற ஏக்கங்களைவிடச் சின்னது இல்லை.

ஷிரோமியோடு பேசவும் வழியில்லை. சண்டைக்குச் சம்பந்தப்பட்ட யாரோடும் பேச வேண்டாம், வழக்குக் கெட்டுப்போகும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பேஸ்புக்கில் அவள் படம் வந்தால் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடுவாள்.

போன வருடம் வழக்கு முடிந்தது. தீர்ப்பு ஒன்றும் இல்லை. ஸப்வானும் ஜோன்சனும் சமாதானமாகப் போய், சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ஜெசிந்தினி இனி இருவருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை என்று வக்கீல் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

மத்தேயு அவரைப் போனில் பிடித்தார். "அப்ப சண்டை எப்பங்க?"

"அது இதுல இல்லையே ஐயா. மகளுக்கு விடுதலை, அதுதான் முக்கியம்" என்றார் வக்கீல்.

ஸப்வானுக்கு ஜெசிந்தினியே அழைத்தாள். அவர் அன்பாகத்தான் பேசினார். "தங்கச்சி, அந்த வெயிட்டுக்கு இப்ப சின்னப் புள்ளைகள் வந்துட்டாங்க. ஒங்களுக்கும் வயசு போகுதுதானே." அவள் சரி என்று வைத்துவிட்டாள். அன்று பிள்ளைக்காம்பராவில் சத்தம் இல்லை. மத்தேயு என் வீட்டு வாசலுக்கு வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார். "ஒரு தடவைகூட என்னைத் திட்டலைங்க அவ. நீதானே வைக்கச் சொன்னேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு ஆறியிருக்கும்" என்றார். இருட்டுகிறது, வீட்டுக்குப் போங்கள் தலைவரே என்றேன்.

மறுநாள் காலை ஜெசிந்தினி தராசடிக்கு வந்தாள். தொங்கவில்லை. போனை நீட்டினாள். ஷிரோமிக்குச் செய்தி போட்டிருக்கிறாள், பதிலும் வந்திருக்கிறது. 'கண்ணு ஒன்னு சரியில்ல. ஆனா வா.'

"ஞாயித்துக்கிழமை போறோம் ஐயா. நீங்களும் வரணும். தராசையும் எடுத்துக்கிட்டு."

தோட்டத்துத் தராசை வெளியே கொண்டுபோவது என் வேலைக்கு உலை வைக்கிற காரியம். முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தராசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நான்தான் முதலில் வந்து நின்றேன். பதுளையில் பஸ் மாறி, பசறை வழியாக மொனராகலைக்கு இறங்கினோம். கீழே போகப் போக வெக்கை ஏறியது, மத்தேயு ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை.

ஷிரோமியின் வீடு ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். உடம்பு வைத்திருந்தது. இடது கண் கொஞ்சம் மங்கியிருந்தது. தடையுத்தரவு வந்த மறு வருடம், எப்படியும் சண்டை நடக்கும் என்று நம்பிப் பயிற்சி எடுத்தபோது வாங்கிய அடியாம். குழந்தையை இறக்கிவிட்டு ஜெசிந்தினியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ அப்படியே இருக்கே" என்றாள். "ஐம்பத்தேழா?"

"ஐம்பத்தேழு."

ஷிரோமிக்குக் கண் கலங்கியது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் தெரியும். மற்ற எங்களுக்கெல்லாம் அது வெறும் நிறுவை.

"முகத்துல அடி வாங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள். "அடிக்கக் கூடாதுன்னு சொல்லல."

"கழுத்துக்குக் கீழதான். சரியா?" என்றாள் ஜெசிந்தினி.

"சரி. ஆனா மெல்ல அடிக்காத."

வாசலில் நின்ற பலாமரக் கிளையில் தராசைக் கட்டினேன். முதலில் ஜெசிந்தினி தொங்கினாள். ஐம்பத்தேழு. பிறகு ஷிரோமி. எழுபத்தொன்று. எண்ணை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அவளே எட்டிப் பார்த்துவிட்டாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்ப இந்தத் தடவையும் நடக்காது" என்றாள்.

ஜெசிந்தினி என்னைப் பார்த்தாள். மழை நாளில் கழிவு கேட்கிற அதே பார்வை. முப்பது வருடமாக இதற்குத்தான் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

"கொஞ்சம் இருங்க, இன்னும் கழிவு போடலையே" என்றேன். "புள்ள பெத்த உடம்புக்கு ஆறு கழிவு. காத்துக்கிட்டு இருந்த வருசங்களுக்கு ஆறு. ராத்திரி பேஞ்ச மழைக்கு ஒன்னு. போட்டிருக்கிற சட்டை, அது சாக்குக் கணக்கு, அதுக்கு ஒன்னு." தராசை இன்னொருமுறை உற்றுப் பார்த்தேன். "ஐம்பத்தேழு. நிறுவை சரி."

யாரும் சிரிக்கவில்லை. ஷிரோமி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், டெனிம் காற்சட்டையும் டீ ஷர்ட்டும் மாற்றிக்கொண்டு வந்தாள். ஜெசிந்தினி பையிலிருந்து இரண்டு சோடி பழைய கையுறைகளை எடுத்து, ஒரு சோடியை அவளுக்கு மாட்டிவிட்டாள். ஜெசிந்தினிக்கு நான் கட்டிவிட்டேன்.

மணி இல்லை. ஷிரோமி ஒரு சட்டி மூடியையும் கரண்டியையும் கொண்டுவந்து மத்தேயுவிடம் கொடுத்தாள். "மாமா, நீங்கதான் அடிக்கணும். ஒரு ரவுண்ட் ரெண்டு நிமிசம். முடிஞ்சதும் தட்டி நிறுத்திருங்க, அதுக்கு மேல எனக்கு முடியாது."

மத்தேயு கைக்கடிகாரத்தைப் பார்த்து மூடியைத் தட்டினார்.

இருவரும் ரப்பர்ச் சருகில் இறங்கினார்கள். முதலில் வந்தது ஷிரோமியின் வலது கை. ஜெசிந்தினியின் விலாவில் நேராக இறங்கியது. ஜெசிந்தினி ஒரு அடி பின்னால் போய், அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். இத்தனை வருடம் தினமும் என் தராசில் சிரித்தவள், ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குக் காட்டினதே இல்லை. பிறகு அவள் உள்ளே புகுந்தாள். மெல்ல அடிக்கவில்லை. ஷிரோமியும் மெல்ல அடிக்கவில்லை. தோளிலும் வயிற்றிலும் விலாவிலும் மாறி மாறி விழுந்தது. ஷிரோமி மூச்சு வாங்கினாள், கால் இடறினாள், நிமிர்ந்து மறுபடியும் வந்தாள். ஒருத்தியின் கை நீண்டால் இன்னொருத்தியின் கை பதில் சொன்னது. குழந்தை படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

நேரம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மத்தேயுவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி ஓங்கிய கையிலேயே நின்றது. ஷிரோமியைப் பார்த்தேன். அவளும் ஒருமுறை அவர் பக்கம் கண்ணை ஓட்டினாள், பிறகு வேண்டாம் என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு ஜெசிந்தினியிடம் திரும்பினாள்.

"தலைவரே, ரெண்டு நிமிசம் ஆச்சு" என்றேன்.

"தெரியும்ங்க" என்றார் மத்தேயு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டார்.